நாலே முக்கால் பஸ்ஸில் ஒத்திகை

“நாடகம் நீ எழுதினது. நோட்டீஸ்ல உன் பேரைப் பெரிய எழுத்துல போடச் சொல்லிட்டேன். இன்னும் என்னம்மா வேணும்?” என்றார் காசிநாதன் சார்.

“அம்சவள்ளியா நானே நடிக்கணும் சார்.”

காசிநாதன் சார் பேனாவை மூடி வைத்துவிட்டு மலர்க்கொடியை நிமிர்ந்து பார்த்தார். அரியலூர் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். ஆண்டு விழா நாடகம் என்றால் எப்போதும் அவர் பொறுப்புதான்.

“பெண் வேஷம் எப்பவும் வேணுகோபாலுக்குத்தான். போன வருஷம் அவன் சேலை கட்டிக்கிட்டு அழுதப்ப பிரின்சிபால் வீட்டம்மாவே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. தெரியுமா?”

“கேள்விப்பட்டேன் சார். பாக்கலை.”

“ஏன் பாக்கலை?”

“பஸ்ஸுக்குப் போயிட்டேன் சார்.”

“அதைத்தான் சொல்ல வரேன். ஒத்திகை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நீ இருப்பியா?”

மலர்க்கொடி என்ன சொல்வாள்? அவள் ஊரான ஆலங்கொல்லைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு பஸ். நாலே முக்காலுக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பி, கல்லங்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஆளை இறக்கி ஏற்றி, இருட்டுகிற நேரத்துக்கு ஆலங்கொல்லை போய்ச் சேரும். ராத்திரி அங்கேயே கிடந்துவிட்டு விடிந்ததும் திரும்பும். அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

நாலு மணிக்கு மணி அடித்தால் கல்லூரி முடிந்துவிட்டது என்று அவளைப் போன்ற பெண்கள் ஓட்டமும் நடையுமாகக் கிளம்புவார்கள். அந்த நேரத்துக்குத்தான் கல்லூரி உண்மையில் தொடங்கும். நூலகத்தில் இடம் காலியாகும், மைதானத்தில் வலை கட்டுவார்கள், பெரிய ஹாலில் பேச்சுப் போட்டி நடக்கும். இதெல்லாம் மறுநாள் காலையில் அவள் காதுக்குக் கதையாக வந்து சேரும். பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருஷம். வந்தது இப்போதுதான் போல இருக்கிறது, இந்த ஏப்ரலில் பரீட்சை. அதற்குப் பிறகு இந்த வாசல்படியை மிதிக்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, நாலு மணிக்கு மேல் இந்தக் கல்லூரியில் இருக்க வேண்டும். அதுவும் மேடையில் நின்றபடி.

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒத்திகை வெச்சுக்கலாமா சார்? பாதி அதுல முடிஞ்சிரும்.”

“மிச்சப் பாதி?”

“பஸ்ல பாத்துக்கறேன் சார்.”

“பஸ்லயா?”

“ஊர் போற வரைக்கும் சும்மாதானே சார் உக்காந்திருக்கேன்.”

காசிநாதன் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, நாடகத்தன்னிக்கு? ஆறு மணிக்கு மேடை ஏறணும். அன்னிக்கு பஸ்ஸை என்ன பண்ணுவே, மடிச்சுப் பையில வெச்சுக்குவியா?”

“அதுக்கு இன்னும் நாள் இருக்கே சார்.”

“வாய் இருக்கு உனக்கு,” என்றவர் மூடி வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். “இருக்கட்டும், நடி. ஆனா ஒண்ணு. முடிவை மாத்தணும்.”

“எதுக்கு சார்?”

“உன் அம்சவள்ளி என்ன பண்றா? பரீட்சை எழுத விடாம கல்யாணம் நிச்சயம் பண்றாங்க. மணவறையில உக்காந்தவ தாலி கட்ட வரப்ப எழுந்திரிச்சு வேணாம்ங்கறா. திருச்சியிலேருந்து விருந்தாளி வராங்க, ஊர்ப் பெரிய மனுஷங்க வராங்க. அவங்க முன்னாடி காலேஜ் பொண்ணு ஒருத்தி மணவறையிலேருந்து எழுந்திரிச்சா, அடுத்த வருஷம் எவனாவது பொண்ணை இங்க சேப்பானா? யோசிச்சுப் பாரு. அவ தலையைக் குனிஞ்சு தாலியை வாங்கிக்கட்டும். கெட்டிமேளம், திரை. மேடை வேணும்னா அது. முடிவு வேணும்னா வேணுகோபால். எது வேணும்?”

“மேடை சார்,” என்றாள்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் வேணுகோபால் நின்றுகொண்டிருந்தான். பெரம்பலூர்க்காரன், ஹாஸ்டலில் இருப்பவன், ஒடிசலான ஆள்.

“என் வேஷத்தைப் பிடுங்கிட்டீங்களாமே?”

“கோவமா?”

“கோவமா? ஊருக்குப் போனா எங்கக்கா கேக்குது, ஏண்டா உனக்கு மட்டும் மீசையே வராதான்னு. ரெண்டு வருஷமா உங்க இனத்துக்காக வழிச்சுக்கிட்டே இருந்தேங்க. இனிமே மாப்பிள்ளை வேஷம், மீசையை விட்டுரலாம். ஆனா சேலையில நடக்கறப்ப மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. நீங்க நடக்கறது சரியில்லை.”

“நான் பொறந்ததுலேருந்து பொண்ணுங்க.”

“மேடையில அது பத்தாதுங்க,” என்றான் அவன், ரொம்ப நிதானமாக.

---

அன்றைக்கே பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து சீட்டில் சுந்தராம்பாள். அவளும் வரலாறுதான், கல்லங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பெண். வந்தோமா, படிச்சோமா, போனோமா என்று இருப்பவள்.

“நான் எதுக்குடி இதுல?”

“அம்மா பேசறதை நீ படி. அம்சவள்ளி பேசறதை நான் சொல்றேன்.”

“பஸ்ஸு பூரா பாக்கும்.”

“பாக்கட்டும். மேடையில இதைவிட அதிகம் பேரு பாப்பாங்க.”

சுந்தராம்பாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தாளைப் பிரித்தாள். முதலில் முணுமுணுப்பாகத்தான் படித்தாள். ஆனால் மலர்க்கொடி பதில் சொன்ன வேகத்தில் அவளுக்கும் சூடு ஏறிவிட்டது.

“பொட்டச்சிக்கு எதுக்குடி பரீட்சை? எழுதி என்ன தாசில்தார் ஆவப் போறியா?” என்றாள் சுந்தராம்பாள்.

“தாசில்தார் ஆவறேனோ இல்லையோ, எழுதாம விட்டா மூணு வருசம் படிச்சது மண்ணாப் போயிருமேம்மா.”

“மண்ணாப் போனாப் போவட்டும்டி. எங்களுக்கு மாப்பிள்ளை முக்கியம்.”

“ஏண்டி,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இரண்டு பேரும் திரும்பினார்கள். இருசம்மாள், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆலங்கொல்லையிலிருந்து காலை பஸ்ஸில் கீரை கொண்டுபோய் அரியலூர் மார்க்கெட்டில் விற்றுவிட்டு இந்த பஸ்ஸில் திரும்புகிறவள்.

“அந்தப் புள்ள பரீட்சை எழுதறேன்னுதானே கேக்குது? அதுல ஒனக்கு எங்கடி நோவுது? நீயும் அதே காலேஜுலதானே படிக்கிறே?”

“பெரியம்மா, இது நாடகம்,” என்றாள் மலர்க்கொடி.

“நாடகமா?”

“ஆமா. இவ என் அம்மா மாதிரி பேசறா. நான் பொண்ணு மாதிரி.”

இருசம்மாள் யோசித்தாள். “அப்ப சரி,” என்று சாய்ந்துகொண்டவள் உடனே மறுபடி முன்னால் வந்தாள். “நாடகமாவே இருக்கட்டும். இருந்தாலும் நீ பேசறது தப்புடி.”

இது சுந்தராம்பாளுக்கு.

அந்த வாரத்திலேயே பஸ்ஸுக்குள் ஒத்திகை வாடிக்கையாகிவிட்டது. அரியலூர் எல்லை தாண்டியதும் யாராவது ஒருவர், “எங்க விட்டீங்க நேத்து?” என்பார். கண்டக்டர் நடராசன் டிக்கெட் கிழிக்க வந்தால், “செத்த இருய்யா, அந்தம்மா பேசி முடிக்கட்டும்,” என்று அதட்டல் வரும். நடுவழியில் புதிதாக ஏறுகிற ஆளுக்கு முன்கதையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சுந்தராம்பாள் கல்லங்குறிச்சியில் இறங்கிப் போனபின் அம்மா வேஷத்தை இருசம்மாளே எடுத்துக்கொண்டாள். படிக்கத் தெரியாது, கேட்டதை மனசில் வைத்துத் தன் போக்கில் பேசுவாள். தாளில் இருந்ததைவிட அது நன்றாக இருந்த இடங்களில் மலர்க்கொடி தாளைத் திருத்திக்கொண்டாள்.

ஆனால் கல்யாண வீடு வரைக்கும்தான். மணவறை என்றதும் அவள் நிறுத்திவிடுவாள்.

“கடைசியில என்னதான் ஆவுது? கட்டிக்குதா, இல்லையா?” என்று கேட்டான் நடராசன், விசில் வாயில் இருக்க.

“மேடையில வந்து பாருங்கண்ணே.”

“மேடை எப்ப?”

“ஆறு மணிக்கு.”

“நான் நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்துருவேனே.”

“அதான் நானும் யோசிக்கறேன்,” என்றாள் மலர்க்கொடி. “நீங்க எடுத்துட்டா நான் எப்படி வூடு போறது?”

அப்போதுதான் பஸ்ஸில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. இத்தனை நாள் கேட்ட கதையின் முடிவும் போய்விடும், அந்தப் பெண்ணின் மேடையும் போய்விடும்.

“ஏன் நடராசா,” என்றாள் இருசம்மாள், “இந்த பஸ்ஸுல ஏறுறவங்க நாங்கதானே?”

“ஆமா.”

“நாங்க அத்தனை பேரும் நாடகம் பாக்கப் போயிட்டா நீ யாரை ஏத்திக்கிட்டுப் போவே?”

“காலி பஸ் ஓடினாலும் எனக்குச் சம்பளம் உண்டு ஆயா.”

“அங்க போயி?”

“படுத்துத் தூங்குவேன்.”

“அதைச் செத்த நேரம் கழிச்சுத் தூங்கேன். ஆரு வேணாங்கறா?”

அதுவரை ஒரு நாளும் வாய் திறக்காத டிரைவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: “எனக்கும் முடிவு தெரியணும்யா.”

இரண்டு நாள் கழித்து நடராசன் படியில் தொங்கியபடியே செய்தி சொன்னான். “பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர்கிட்ட பேசிட்டேன். முடியவே முடியாதுன்னாரு. அப்புறம் பாத்தா அவரு மவனும் அந்தக் காலேஜுதான். குடும்பத்தோட நாடகத்துக்கு வராராம். அன்னிக்கு வண்டி நாடகம் முடிஞ்சுதான் கிளம்பும்.”

மலர்க்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். முந்திரிக் காடு ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

---

பஸ்ஸைத் தாண்டிவிட்டாள். அம்மாவைத் தாண்ட வேண்டியிருந்தது.

பொன்னாயி கடலைக்காய் பிடுங்கிவிட்டு வந்து, செம்மண் படிந்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “பஸ்ஸுல கூத்து கட்டுறியாமே? இருசம்மா சொல்றா.”

“கூத்து இல்லம்மா, நாடகம்.”

“ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கு மார்க்கு குடுப்பாங்களா?”

“இல்ல.”

“பொறவு எதுக்கு? பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கெல்லாம் பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும்னு பதில் சொல்லி என் வாயி வலிக்குது. நீ மேடையில ஏறி ஆடினா நாளைக்கு அவுங்க என்னைப் பேசமாட்டாங்களா?”

“அம்மா, இங்க உக்காரு.”

“சோறாக்கணும்.”

“செத்த உக்காரு. நீ அறுப்புக்குப் போறே. வயல்ல இறங்கி பாதி வயல் அறுத்ததும், போதும், வூட்டுக்குப் போன்னா போவியா?”

“அது எப்படி? மிச்சம் நிக்குமே.”

“மூணு வருசமா எனக்கு மிச்சம் நிக்குதும்மா. பாடம் மட்டும் கேட்டுட்டு ஓடி வந்துடறேன். நாலு மணிக்கு மேல அங்க என்னென்னவோ நடக்குது. அது ஒண்ணையும் என் கண்ணு பாத்ததில்லை. இந்த வருசம் விட்டா எப்பவும் பாக்காது. ஒரே ஒரு நாள் அந்த மேடையில நின்னுட்டு வந்துடறேன்.”

பொன்னாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“நானும் வருவேன்,” என்றாள். “வந்து பாப்பேன். ஏதாச்சும் ஏடாகூடமா இருந்துச்சு, மேடைன்னும் பாக்க மாட்டேன். கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துருவேன்.”

“வாம்மா,” என்றாள் மலர்க்கொடி. “நீ வந்தாப் போதும்.”

---

ஆண்டு விழா அன்றைக்குப் பெரிய ஹாலில் பெஞ்சு போதவில்லை. முன்னால் விருந்தாளிகள், நடுவில் மாணவர்கள், வலது பக்கம் முழுக்க நாலே முக்கால் பஸ். கூடை, மண்வெட்டி, காலி கேன் எல்லாவற்றோடும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டையில் நடராசனும் டிரைவரும். பொன்னாயி கல்யாணத்துக்கு வந்தது போலத் தலை வாரிப் பூ வைத்து, இருசம்மாள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் வரியைச் சொன்னபோது மலர்க்கொடியின் குரல் நடுங்கியது. இரண்டாவது வரி சொல்லும்போது பஸ் பக்கத்திலிருந்து யாரோ “ஆங், அதான்,” என்றார்கள். அவ்வளவுதான், நடுக்கம் போன இடம் தெரியவில்லை. தெரிந்த பேச்சு, தெரிந்த காது. பின்வரிசையில் விசிலடிக்கத் தயாராக வந்திருந்த பையன்கள்கூட அம்சவள்ளி தன் அப்பாவிடம், “என் ஹால் டிக்கெட்டைப் பந்தக்கால்ல கட்டித் தொங்க விடுங்கப்பா, தோரணத்துக்கு ஆச்சு,” என்றபோது கைதட்டினார்கள். பஸ்ஸில் பழகிய அம்மா வேஷத்தை மேடையிலும் வாங்கிக்கொண்டு சுந்தராம்பாளும் பின்னி எடுத்தாள். மாமன் வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று வீட்டில் அனுமதி வாங்கிவிட்டு வந்திருந்தாள். நடக்கும்போது மட்டும் மலர்க்கொடி வேணுகோபால் சொல்லிக் கொடுத்த மாதிரி நடந்தாள். அவன் சொன்னது சரிதான்.

பிறகு மணவறை.

இரண்டு குத்துவிளக்கு, ஒரு பலகை, மாலை. வேணுகோபால் புது மீசையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திரைக்குப் பின்னால் இசைத்தட்டு நாயனம் வாசித்தது. மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். முடிவு இதுதான் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. குனிந்தால் திரை விழும். ஆனாலும் அந்தக் குனிவில் ஏதோ கசந்தது.

வேணுகோபால் தட்டிலிருந்து எடுத்துக் கையை உயர்த்தினான். அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

ஒத்திகையில் எல்லாம் துண்டைத்தான் கழுத்தில் போட்டார்கள். இப்போது அவன் கையில் இருந்தது மஞ்சள் கயிறு. ஈரம் காயாத கயிறு, நடுவில் கோத்த மஞ்சள் கிழங்கு.

“என்னங்க இது,” என்றாள் உதடு அசையாமல்.

“தாலி,” என்றான் அவனும் அப்படியே.

“நெசக் கயிறா?”

“எப்பவும் இதுதாங்க. ரெண்டு வருஷமா என் கழுத்துல கட்டினதும் இதே மாதிரிக் கயிறுதான்.”

அங்கேதான் கோளாறு. இந்தக் கல்லூரி மேடையில் இதுவரை மணப்பெண் எல்லாம் வேணுகோபால். அவன் கழுத்தில் எந்தக் கயிறு ஏறினால் யாருக்கு என்ன? ஆலங்கொல்லையில் கூத்து ஆடுகிறவர்களோ, கல்யாணக் கட்டம் வந்தால் மாலையோடு நிறுத்திக்கொள்வார்கள். விளையாட்டுக்கும் கழுத்துக்கு நேராக மஞ்சள் கயிற்றைக் கொண்டுவர மாட்டார்கள். கட்டினால் கட்டியதுதான். அது காசிநாதன் சாருக்கும் தெரியாது, வேணுகோபாலுக்கும் தெரியாது. பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

“அடியே பொன்னாயி,” என்று இருசம்மாள் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. “கெழங்கு கோத்திருக்குடி.”

பொன்னாயி எழுந்தாள்.

“நிறுத்து தம்பி.”

நாயனம் நின்றபாடில்லை. வேணுகோபால் கை அந்தரத்தில் நின்றது. பொன்னாயி பெஞ்சுகளுக்கு நடுவே விறுவிறுவென்று வந்தாள், விருந்தாளிகளைச் சுற்றிக்கொண்டு மேடைப்படி ஏறினாள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது, ஒரு விசிலும் வந்தது. மறைவிலிருந்து காசிநாதன் சார், “கட்டுடா, கட்டு, திரையை விடலாம்,” என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் காத்திருந்து பிடித்த மேடை, கண்ணெதிரே கேலிக்கூத்தாகிக்கொண்டிருந்தது. அம்மா கையைப் பிடித்து இழுத்தால் முடிந்தது. அம்சவள்ளியாக நடித்த பெண் என்று இல்லை, காலம் பூரா ‘மேடையிலேருந்து இழுத்துட்டுப் போனாங்களே, அந்தப் பொண்ணு’ என்றுதான் பேர்.

அம்மா கை நீளுவதற்குள் அவள் மணவறையில் இருந்தபடியே நிமிர்ந்தாள். அம்சவள்ளியின் குரலிலேயே பேசினாள்.

“வந்துட்டீங்களா? பெத்த வூட்டுல ஒருத்தராவது வந்து நிறுத்த மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

விசில் நின்றது. சுந்தராம்பாள் திருதிருவென்று விழித்தாள். அம்மா வேஷத்தில் நிற்பது அவள்தானே. ஒரு நொடிதான். பிறகு, “வாங்க அண்ணி,” என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டாள். வந்தோமா போனோமா என்று இருந்த பெண், அந்த ஒரு வார்த்தையில் நாடகத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டாள்.

“ஏன் நிறுத்தச் சொன்னீங்க?” என்றாள் மலர்க்கொடி.

பொன்னாயி நடிக்கவில்லை. அவளுக்கு எதிரில் கயிறு மட்டும்தான் இருந்தது. “ஏனா? பரீட்சை முடியட்டும்னு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்ல. இன்னும் எழுதலையேடி நீ.”

“எழுதி என்ன ஆவப் போவுது? தாசில்தார் ஆவப் போறேனா?”

“ஏன் ஆனா என்ன? ஆவக் கூடாதுன்னு எழுதியா வெச்சிருக்கு? இவ விடியக்காலம் எழுந்திரிச்சு ஓடறா, பொழுது சாஞ்சு வரா. மூணு வருசமா ஒரு நல்லது கெட்டதுக்குப் போனதில்லை. கடலைக்காய் பிடுங்கி என் நெகமெல்லாம் போச்சு. எல்லாம் எதுக்கு? முடிக்கிறதுக்குத்தானே? பாதியில கயித்தைக் காட்டி உக்கார வெச்சிருவீங்களா?”

“நல்லாக் கேளு,” என்று டிரைவர் எழுந்து நின்று சொன்னார். பஸ் பக்கம் மொத்தமும் எழுந்துவிட்டது.

“முகூர்த்தம் தவறிப் போவுமே,” என்றான் வேணுகோபால். அவன் பிறவி நடிகன். கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

“முகூர்த்தம் மறுபடி வரும் தம்பி. பரீட்சை வருமா?”

“அப்ப நான் என்னதாங்க பண்றது?”

பொன்னாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாவமாக இருந்தது போலும். குரலைத் தணித்துக்கொண்டாள். “கயித்தைப் பத்திரமா எடுத்து வைய்யா. அதுக்குன்னு ஒருத்தி படிச்சு முடிச்சுட்டு வருவா. மீசையும் அதுக்குள்ள நல்லா வளந்துரும்.”

ஹால் அதிர்ந்தது. பின்வரிசைப் பையன்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். மலர்க்கொடி எழுந்தாள். கழுத்து மாலையைக் கழற்றிப் பலகை மேல் வைத்தாள். காசிநாதன் சார் வெட்டிவிட்ட தன் வரியை, வேப்பமரத்தடியில் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்த வரியை, தலை நிமிர்ந்து சொன்னாள்.

“கெட்டிமேளம் இருக்கட்டும். முதல்ல மணி அடிக்கட்டும். எனக்குப் பரீட்சை இருக்கு.”

திரை விழுந்தது.

திரைக்குப் பின்னால் காசிநாதன் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். “உன் முடிவே வந்துடுச்சேம்மா,” என்றார்.

“நான் மாத்தலை சார். அவங்கதான் மாத்திட்டாங்க.”

“யாரு இவங்க?”

“எங்கம்மா சார்.”

காசிநாதன் சார் கும்பிட்டார். பொன்னாயி பதிலுக்குக் கும்பிட்டாள், ஒரு கண் வேணுகோபால் கையிலிருந்த கயிற்றின் மேல் இருக்க.

திருச்சியிலிருந்து வந்த விருந்தாளி ஒலிபெருக்கியைப் பிடித்தார். “நாடகம் பிரமாதம். எல்லாரும் நல்லாப் பண்ணினாங்க. ஆனா கடைசியில கூட்டத்துலேருந்து எழுந்து வந்தாங்களே, அந்த அம்மாவா நடிச்ச பொண்ணு, அது யாரு? கையில செம்மண் கறை முதக்கொண்டு அவ்வளவு தத்ரூபம். இப்படி ஒரு உத்தி நான் பாத்ததே இல்லை. அந்த மாணவியை மேடைக்குக் கூப்பிடுங்க.”

“போம்மா,” என்று மலர்க்கொடி அவளைத் திரைக்கு வெளியே தள்ளினாள்.

“நான் எதுக்குடி?”

“உன்னையத்தான் கூப்பிடறாங்க. போ.”

பொன்னாயி வெளியே வந்ததும் நாலே முக்கால் பஸ் தட்டிய கைதட்டலில் விருந்தாளி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தனக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, “எந்த கிளாஸ்மா?” என்று கேட்டார்.

“வகுப்பெல்லாம் இல்லீங்க. நான் மலர்க்கொடிக்கு அம்மா.”

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி இரைந்தது. மலர்க்கொடியையும் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டார். பெரம்பலூரில் அடுத்த மாதம் ஒரு விழா நடத்தலாம் என்றிருக்கிறேன், இதே நாடகத்தை அங்கேயும் போட வேண்டும், அம்மாவும் கட்டாயம் வர வேண்டும் என்றார்.

“தேதி என்னாங்க?” என்றாள் பொன்னாயி.

“ஏப்ரல்ல வெச்சுக்கலாமே.”

“அப்ப முடியாதுங்க. பரீட்சை. மே மாசம்னா சொல்லுங்க.”

“மே மாசம்,” என்று விருந்தாளி உடனே ஒப்புக்கொண்டார். மேடையோரத்தில் வேணுகோபால் சந்தோஷத்தில் சுந்தராம்பாளைப் பார்த்து, “எங்க ஊருங்க, எங்க ஊரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

---

பஸ் கிளம்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு நடராசன் டிக்கெட் கிழித்தான். பொன்னாயிக்கு ஜன்னல் சீட்டு ஒதுக்கியிருந்தார்கள். மடியில் ரோஜா மாலை. இருசம்மாள், நாடகத்தில் தன் பங்கு எவ்வளவு என்பதை முன்சீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். “கெழங்கை மொதல்ல பாத்தது நான்தான். நான் சொல்லலைன்னா இவ உக்காந்தே இருந்திருப்பா.”

கல்லங்குறிச்சி தாண்டியது. பொன்னாயி மெதுவாகக் கேட்டாள். “நாலு மணிக்கு மேல அங்க இன்னும் என்னெல்லாம் இருக்குன்னே?”

“லைப்ரரி இருக்கும்மா. பேச்சுப் போட்டி இருக்கு. பந்து விளையாடுவாங்க.”

“நீ பந்து விளையாடுவியா?”

“தெரியாது. ஆடிப் பாத்தாத்தானே தெரியும்.”

பொன்னாயி மாலையிலிருந்து ஒரு இதழைக் கிள்ளினாள். பிறகு முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏந்தம்பி நடராசா, இந்த பஸ்ஸு நெதமும் ஒரு ஆறு மணிக்குக் கிளம்பினா என்ன?”

“அது ஆபீஸ்ல சொல்லணும்ங்க. ஊரே சேந்து கேட்டாத்தான் ஆவும்.”

“இங்க இருக்கறது ஊர்தானே?”

நடராசன் திரும்பி பஸ்ஸைப் பார்த்தான். எல்லாத் தலையும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

“எனக்கும் ஆறு மணின்னா கீரை மிஞ்சாம வித்துரும்,” என்றாள் இருசம்மாள்.

“வெயில் தாழ ஓட்டலாம்,” என்றார் டிரைவர்.

“சரி சரி. திங்கக்கிழமை டைம் கீப்பரைப் பாக்கலாம், எல்லாரும் வாங்க. இன்னிக்கு அவரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுத்தான் போனாரு.”

மலர்க்கொடி அம்மாவின் தோளில் சாய்ந்தாள். “கிடைச்சாலும் எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா.”

“கொஞ்ச நாள் இருக்குல்ல,” என்றாள் பொன்னாயி. “அதை ஏன் விடணும்?”